பெற்றவளுக்குப் பட்ட கடன்

பிள்ளை பெற்ற பெண்ணுக்கு அரசாங்கம் கொடுக்கிற காசுக்கு 'நிதியுதவி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த 'உதவி' என்கிற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திவைத்துப் பார்க்க வேண்டும். உதவி என்றால் கொடுக்கிறவருக்குக் கட்டாயம் எதுவும் இல்லை, மனசு வைத்துக் கொடுக்கிறார். வாங்குகிறவருக்குக் கேட்கிற உரிமை இல்லை, நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுத்தவர் கேள்வி கேட்கலாம், நிபந்தனை போடலாம், 'போதும் போ' என்று நிறுத்தியும் விடலாம். பண்ணை வீட்டு வாசலில் தலைமுறை தலைமுறையாக நின்ற நமக்கு இது நன்றாகத் தெரிந்த உறவு. நாள் முழுக்கச் செய்த வேலைக்கு அளந்த படியையே தர்மம் மாதிரி அளந்து போட்ட ஊர்கள் இவை. கூலியைத் தர்மமாக்கிக் காட்டும் வித்தையை நம்மைவிட நன்றாகப் பார்த்தவர்கள் யார் இருக்கிறார்கள்?

அதனால் கேள்வியை நேராகவே கேட்டுவிடலாம். ஒரு உயிரைப் பத்து மாசம் சுமந்து, பெற்று, பால் கொடுத்து, தன் காலில் நடந்து தன் கையால் சோறு தின்னுகிறவரை காப்பாற்றி எடுக்கிற வேலை இருக்கிறதே, அந்த வேலையில் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்?

தமிழ் படித்தவர்கள் இந்த இடத்தில் புறநானூற்றை எடுப்பார்கள். பொன்முடியார் பாட்டு ஒன்று, பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்யவைக்கிற பாட்டு. யாருக்கு என்ன கடன் என்று அதில் பங்கு பிரித்திருக்கிறது. பிள்ளையைப் பெற்று வளர்த்துத் தருவது தாய் பங்கு. சான்றோனாக்குவது தகப்பன் பங்கு. வேல் வடித்துக் கொடுப்பது கொல்லன் பங்கு. நல்ல நடத்தையைத் தருவது அரசன் பங்கு. போர்க்களத்தில் யானையைச் சாய்த்துவிட்டுத் திரும்புவது பிள்ளையின் பங்கு. தாய்மையின் பெருமைக்கு மேடைதோறும் இதைத்தான் சொல்கிறார்கள். நாம் கொஞ்சம் வேறு மாதிரி வாசிக்கலாம். அந்தப் பட்டியலில் எல்லோருக்கும் ஒரு கடன் இருக்கிறது. எல்லாக் கடனும் பிள்ளையை நோக்கிப் போகிறது, பிள்ளை வழியாக அரசனின் போருக்குப் போகிறது. தாயை நோக்கித் திரும்பி வருகிற கடன் ஒன்றுகூட இல்லை. அரசன் எட்டிப் பார்ப்பது பிள்ளை ஆளான பிறகுதான்.

இன்றைக்கும் அதே பாட்டுத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. வேலுக்குப் பதில் ஸ்பேனர், போர்க்களத்துக்குப் பதில் சிப்காட். பதினெட்டு வயசு முடிந்த கை வேண்டும் என்று காலனி வாசலுக்குக் கம்பெனி வேன் வருகிறது. அந்தக் கை பதினெட்டு வருஷம் யார் போட்ட சோற்றில் வளர்ந்தது என்று எந்தக் கம்பெனியும் கேட்டதில்லை.

*

பாகலூர் பக்கம் வந்து பார்த்தால் இது புரியும். கர்நாடக எல்லை ஒட்டிக்கொண்டு இருக்கிற ஊர். மாலூருக்கும் சர்ஜாபுரத்துக்கும் இந்த வழியாகத்தான் போக வேண்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் பேசுவார்கள். கைப்பிள்ளையை ஒரு வீட்டில் 'கூசு' என்பார்கள், அடுத்த வீட்டில் 'பிட்ட' என்பார்கள். 1970களில் ஓசூரில் சிப்காட் வந்தது. அப்புறம் பாலிஹவுஸ்கள் வந்தன. கோஸும் தக்காளியும் விளைந்த மண்ணில் இப்போது பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே ரோஜா விளைகிறது. பிப்ரவரி 14க்கு வெளிநாடு போகிற ரோஜாவுக்கு ஜனவரியிலேயே வேலை நெருக்க ஆரம்பித்துவிடும்.

காலையில் இந்த ரோட்டில் மூன்று வகைத் தாய்மார்கள் வண்டி ஏறுகிறார்கள். ஒருத்தர் அரசுப் பள்ளி ஆசிரியை. 2021 ஜூலையிலிருந்து தமிழ்நாடு அரசு ஊழியருக்குச் சம்பளத்தோடு 12 மாச மகப்பேறு விடுப்பு உண்டு. இரண்டாமவர் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள ஆலைத் தொழிலாளி. அவருக்கு 26 வாரச் சம்பளம் உண்டு. ஆனால் காண்ட்ராக்டர் மாறி மாறி, வேலை செய்த நாள் கணக்கு அறுந்துபோகாமல் இருக்க வேண்டும். மூன்றாமவர் டெம்போவில் நின்றுகொண்டு பாலிஹவுஸுக்குப் போகிற தினக்கூலி. எங்கள் காலனிப் பெண்களில் பலர் இந்த மூன்றாவது வண்டியில் ஏறுகிறவர்கள்.

மூன்றாவது பெண்ணுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. 1987இல் 300 ரூபாயில் தொடங்கியது. 2006இல் 6,000 ஆனது, 2011இல் 12,000 ஆனது, 2018இல் 18,000 ஆனது. பல மாநிலங்களைவிட இது அதிகம், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 18,000இல் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருகிறது. காசாக வருவது 14,000, அதுவும் தவணை தவணையாக. ஆசிரியைக்குக் கிடைக்கிற அதே ஒரு வருஷத்துக்கு இதைப் பங்கு போட்டால் நாளைக்கு 38 ரூபாய் சொச்சம்.

பெற்ற வலி மூன்று பேருக்கும் ஒன்றுதான். ராத்திரி கண்முழிப்பும் ஒன்றுதான். வேலை ஒன்று, விலை மூன்றாக இருப்பது ஏன்? நம் சட்டங்கள் தாய் செய்கிற வேலைக்கு விலை போடுவதில்லை. அவள் இழக்கிற சம்பளத்துக்குத்தான் ஈடு கட்டுகின்றன. சம்பளம் பெரிசாக இருந்தால் ஈடும் பெரிசு. பேரேட்டில் பெயரே இல்லாதவளுக்கு, அவள் எதையும் இழக்கவில்லை என்று அர்த்தம். டெல்லி மாநகராட்சியில் தினக்கூலிப் பெண்கள் தொடுத்த வழக்கில், மஸ்டர் ரோல் தொழிலாளிக்கும் மகப்பேறு விடுப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு மார்ச் 8 அன்று தீர்ப்புச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்கு மஸ்டர் ரோலில் பெயர் இருக்க வேண்டும். டெம்போ டிரைவர் தலை எண்ணிக் கூட்டிக்கொண்டு போகிற இடத்தில் மஸ்டர் ஏது?

ரோஜாத் தோட்டத்துக்குப் போகிற ஒரு பெண் சொன்னது இது: "மூணாம் மாசமே வந்துட்டேன்க்கா. போவலன்னா கடையில அரிசி கடன் குடுக்கமாட்டாங்க. பதினோரு மணியானா மாரு கட்டிக்கும், ரவிக்கையெல்லாம் நனைஞ்சுபோவும். செடி சந்துல குந்திக்கினு மண்ணுல பீச்சி வுட்டுட்டு வருவேன். அந்நேரத்துக்கு ஊட்ல கொழந்த சக்கரத் தண்ணி குடிச்சுக்கினு இருக்கும்."

ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம். ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூடக் கொடுக்காதே என்று சுகாதார நிலையச் சுவரில் போஸ்டர் ஒட்டுகிறார்கள். மருத்துவம் சொல்வது சரிதான். ஆனால் 'இதைச் செய்' என்று ஒருவருக்குக் கட்டளையிடுகிறவர், அதைச் செய்ய ஆகிற செலவையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா? செலவை ஏற்காமல் கட்டளை மட்டும் போட்டால் அதற்குப் பெயர் அறிவுரை இல்லை. மண்ணில் போன பாலுக்கு அந்தப் பெண்ணைக் குற்றவாளியாக்கும் ஏற்பாடு அது.

*

உதவி என்று பெயர் வைத்த உடனே நிபந்தனையும் கூடவே வந்துவிடுகிறது. 12 வாரத்துக்குள் பதிய வேண்டும், அரசு ஆஸ்பத்திரியில் பெற வேண்டும், தடுப்பூசி போட வேண்டும். இதெல்லாம் பிள்ளை நன்மைக்கு என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் தாய்க்கு 19 வயசு ஆகியிருக்க வேண்டும், இரண்டு பிரசவத்துக்கு மட்டும்தான் என்பவை யார் நன்மைக்கு?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இன்றைக்கும் பதினாறு, பதினேழில் கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பெண் தன் கல்யாணத்தைத் தானே முடிவு செய்யவில்லை. படிப்பு நின்றது, உடம்பு நொந்தது, கேஸ் ஆகிவிடும் என்று பயந்து நர்சம்மா கண்ணில் படாமல் ஒளிந்திருக்கிறாள். எந்தத் தாய்க்குச் சத்தும் கவனிப்பும் அதிகம் வேண்டுமோ அந்தத் தாய்க்குத்தான் காசு இல்லை. பெரியவர்கள் செய்த தப்புக்குச் சின்னவளுக்குத் தண்டனை, அவள் வயிற்றில் இருக்கிறதற்கும் தண்டனை.

மூன்றாவது பிள்ளை விஷயமும் அப்படித்தான். தான் எத்தனையாவதாகப் பிறக்க வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் முடிவு செய்து பிறப்பதில்லை. 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு வேலையிலோ வேறு சட்டத்தின் கீழோ இதே பயனைப் பெறாத ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தரவேண்டும் என்று சொல்கிறது. 'ஒவ்வொரு' என்பதற்கு முதல் பிள்ளை என்று அர்த்தம் கிடையாது. ஆனால் 2017இல் வந்த பிரதம மந்திரியின் திட்டம் முதல் பிள்ளைக்கு 5,000 என்றது. 2022இல், இரண்டாவது பெண்ணாக இருந்தால் 6,000 என்று சேர்த்தார்கள். சட்டம் கொடுத்ததைத் திட்டம் பிடுங்கிக்கொண்டது. தமிழ்நாட்டின் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்திலோ காசு வேண்டுமானால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் சர்டிபிகேட்டைக் காட்ட வேண்டும். பெண்ணைப் பெற்றதற்குப் பரிசு என்கிறார்கள், கருப்பையை அடகு கேட்கிறார்கள்.

'காசு கொடுத்தா இதுங்க பெத்துக்கிட்டே இருக்கும்' என்று டீக்கடையில் பேசுவார்கள், படித்தவர்களும் பேசுவார்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் பிள்ளைகள் சராசரி 1.8. இதற்கு நடுவில் 2025 மார்ச்சில் முதலமைச்சராக மு.க. ஸ்டாலின், தொகுதி மறுவரையறையில் தமிழ்நாடு நஷ்டப்படும் என்ற கவலையில், புதுசாகக் கல்யாணமானவர்கள் சீக்கிரம் பிள்ளை பெறுங்கள் என்று மேடையில் சொன்னார். வேண்டாம் என்கிறபோதும் அவர்கள் கணக்கு, வேண்டும் என்கிறபோதும் அவர்கள் கணக்கு. நம் பெண்களின் வயிறு எப்போதும் யாரோ ஒருத்தர் கணக்கில்தான் இருக்கிறது. பக்கத்துத் தருமபுரி மாவட்ட ஆசிரியை ஒருவருக்கு, மறுமணத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளை மூன்றாவது என்று சொல்லி விடுப்பு மறுத்தார்கள். மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையில் அடங்கியது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் சொன்னது. ஆசிரியைக்கு உரிமை என்றால் டெம்போவில் நிற்பவளுக்கு மட்டும் அது எப்படி உதவியாகும்?

*

கடன் யாருடையது என்கிற கேள்விக்கு நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் பதில் தேடியிருக்கிறார். 1928 ஜூலை 28 அன்று பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நன்மை மசோதா விவாதத்துக்கு வந்தபோது டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், ஆகவே அந்தச் சுமையின் பெரும்பகுதியை அரசுதான் தாங்க வேண்டும் என்பது அவர் நிலை. அரசு தாங்கவில்லை என்பதைக் காட்டி முதலாளி தப்பித்துக்கொள்ள முடியாது, அந்தப் பெண்ணின் உழைப்பால் லாபம் அடைகிறவர் அவர் என்றும் சொன்னார். அடுத்த வருஷமே பம்பாயில் சட்டம் வந்தது. 1942இலிருந்து வைஸ்ராய் சபையில் தொழிலாளர் துறையைக் கவனித்தபோது, சுரங்கத்தில் வேலைசெய்த பெண்களின் மகப்பேறுச் சட்டத்துக்கு 1943லும் 1945லும் திருத்தங்கள் கொண்டுவந்தார். ரமாபாயும் அவரும் பெற்ற ஐந்து பிள்ளைகளில் நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள். கடைசியாக 1926இல் ராஜரத்னாவைப் புதைத்துவிட்டு இரண்டு வருஷம் கழித்துத்தான் அவர் அந்தச் சபையில் எழுந்து பேசினார்.

அவர் சொன்ன முறையில் பாதியைத்தான் நாடு எடுத்துக்கொண்டது. 2017 திருத்தம் 12 வாரத்தை 26 வாரமாக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. இந்த ஏற்பாடுகள் 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய் 2025 நவம்பர் 21இலிருந்து அமலில் இருக்கின்றன. ஆனால் ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே இருக்கிற பெண்ணின் 26 வாரச் சம்பளம் முழுவதும் முதலாளி தலையில். முதலாளிக்குக் கணக்குத் தெரியாதா? தாயாகப் போகிறவளை வேலைக்கே எடுக்காமல் விட்டால் செலவே இல்லை. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பாகுபாடு காட்டுவதில்லை என்று நிறுவனம் சொன்னது. ஓசூரைச் சுற்றிலும் இன்று மின்னணு ஆலைகளில் வேலைசெய்கிறவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள், விடுதிகளில் தங்கவைக்கப்பட்டவர்கள். ஜார்க்கண்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். மில்களில் நடந்த சுமங்கலித் திட்டத்தை நாம் மறக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின சில வருஷ உழைப்பை மட்டும் உறிஞ்சிக்கொண்டு, கல்யாணமும் பிள்ளையும் வரும்போது ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுகிற ஏற்பாடு அது.

ஈ.எஸ்.ஐ.யில் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. ஆணை வேலைக்கு வைத்தாலும் பெண்ணை வேலைக்கு வைத்தாலும் முதலாளி கட்டுவது ஒரே விகிதம்தான். பெண்ணை வைத்ததற்காகக் கூடுதல் செலவு இல்லை. ஆண் தொழிலாளியின் சந்தாவும் பிள்ளை பெற்றவளின் சம்பளத்துக்குப் போகிறது. போகட்டும், அவனையும் ஒருத்திதானே பெற்றாள்? அந்த நியாயத்தை ஆலைக் கேட்டுக்கு வெளியேயும் விரித்தால் அம்பேத்கர் கேட்ட மீதிப் பாதி வந்துவிடும்.

*

இனி இன்னொரு சொல்லைப் பார்ப்போம். 'தேர்வு'. பிள்ளையைத் தானே வளர்ப்பதா, காப்பகத்தில் விடுவதா என்பது தாயின் தேர்வு என்கிறார்கள். ஐரோப்பாவில் இதைப்பற்றிப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. சுவீடன் 1974இல் தாய்க்கென்று இருந்த விடுப்பைத் தாய் தகப்பன் இருவருக்கும் பொதுவாக்கியது. நார்வே 1998இல், அரசுக் காப்பகத்தில் விடாத பிள்ளையின் வீட்டுக்கு மாசாமாசம் காசு கொடுத்தது. இது ஏழைப் பெண்களையும் குடியேறிகளின் பெண்களையும் வீட்டுக்குள்ளேயே உட்காரவைத்துவிடும் என்ற கண்டனம் எழுந்தது. ஜெர்மனி 2013இல் அதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தது. அது மத்திய அரசின் அதிகாரத்துக்குள் வராது என்று 2015இல் அவர்கள் நீதிமன்றம் ரத்து செய்தது. காசா காப்பகமா என்பது அங்கே சண்டை. இங்கே பாகலூரில் காசும் பத்தாது, காப்பகமும் கிடையாது. இரண்டுமே இல்லாத இடத்தில் தேர்வு என்று பேசுவது பசித்தவனிடம் மெனு கார்டை நீட்டுகிற மாதிரி.

பெண்விடுதலை பற்றிப் பேசுகிறபோது வீடு ஒரு சிறை, வேலைக்குப் போவது விடுதலை என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். அது வீட்டுக்குள் பூட்டப்பட்ட சாதிகளின் அனுபவம். நம் பாட்டிகளை யாரும் வீட்டில் பூட்டவில்லை. பிள்ளை பெற்ற பதினைந்தாம் நாள் நடவுக்குக் கூப்பிட்டார்கள். வரப்பு மரத்தில் தூளி கட்டித் தொங்கவிட்டு, பிள்ளை அழுவதைக் காதில் வாங்கிக்கொண்டே குனிந்து நட்டவர்கள் அவர்கள். பிள்ளையோடு ஆறு மாசம் சும்மா உட்கார்ந்திருக்கிற உரிமை நம் பெண்களுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆகவே நமக்கு ஓய்வும் ஒரு விடுதலைக் கோரிக்கை. ஆனால் அதோடு நின்றுவிடவும் கூடாது. காசைக் கொடுத்து வீட்டிலேயே இரு என்றால், புருஷன் கையை எதிர்பார்க்கிற புதுச் சிறை ஒன்று நமக்கும் வந்துசேரும்.

காப்பகம் என்றாலே விடுதலை என்றும் நினைத்துவிட வேண்டாம். இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டக் காப்பகத்துக்குப் 'பிள்ளை மடுவம்' என்று பெயர். இங்கிருந்து போன நம் சனங்கள் வைத்த பெயர். துரை அதைத் தாய்க்காகக் கட்டவில்லை. கொழுந்து பறிக்கிற பத்து விரல்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சும்மா நிற்கக் கூடாது என்று கட்டினான். ஆக, காசும் மடுவமும் யார் தேவைக்காக வருகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். ஆறு மாசம் உட்காரலாம் என்கிற தெம்பும், ஏழாம் மாசம் போக வேண்டுமென்றால் பிள்ளையை நம்பி விட ஒரு இடமும், இரண்டும் சேர்ந்து அவள் கையில் இருந்தால்தான் தேர்வு என்கிற சொல்லுக்கு அர்த்தம் உண்டு.

இப்போது நிலைமை என்ன? 26 வாரச் சம்பளம் கிடைத்தவளுக்கே அது ஆறாம் மாசத்தில் முடிந்துவிடுகிறது. அங்கன்வாடி இரண்டு வயசுக்குமேல்தான் சேர்த்துக்கொள்ளும், அதற்குக் கீழே சத்துமாவு மட்டும் கொடுத்து அனுப்பும். நடுவில் ஒன்றரை வருஷம். மத்திய அரசின் காப்பகத் திட்டம் 2006இல் ராஜீவ் காந்தி பெயரில் இருந்தது, 2017இல் தேசியக் காப்பகத் திட்டம் ஆனது, 2022இல் 'பால்னா' ஆனது. எங்கள் பக்கத்துப் பெண்களைக் கேட்டால் இந்த மூன்று பெயரில் ஒன்றையும் கேள்விப்பட்டதில்லை என்கிறார்கள். அந்த ஒன்றரை வருஷத்தைத் தாங்குவது யார்? கண் தெரியாத ஒரு ஆயா. இல்லாவிட்டால் மூத்த பெண்பிள்ளை. தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிற ஒன்பது வயசு அக்காவைக் காலனியில் பார்க்காதவர்கள் யார்? ஒரு பிள்ளையின் குழந்தைப் பருவத்தை எடுத்து இன்னொரு பிள்ளையை வளர்க்கிறோம். அரசாங்கம் கட்டாத காப்பகத்துக்கு வாடகை அந்த அக்காவின் படிப்பு.

*

காசை உயர்த்திக் கொடுத்துவிட்டால் போதாதா, காப்பகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இன்னொரு பதிலும் உண்டு. காசு தனித்தனி வீட்டுக்குப் போகிறது. ஊர்ப் பிள்ளை அந்தக் காசில் பிளே ஸ்கூலுக்குப் போகும், சேரிப் பிள்ளை சேரியிலேயே கிடக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடாமலே வளர்ந்து பெரிசாகிவிடும். பொதுத் தொட்டில் அப்படி இல்லை. இரண்டு வயசில் ஒரே கையால் சோறு ஊட்டப்பட்டு, ஒரே பாயில் ஒன்றின்மேல் ஒன்று கால்போட்டுத் தூங்கிய பிள்ளைகளுக்குத் தீட்டைக் கற்றுக்கொடுப்பது அவ்வளவு சுலபமில்லை.

சாதிக்கும் இது தெரியும். அதனால்தான் அது முதலில் கைவைப்பது சமையல்கட்டில். 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் ஒரு தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரே திரண்டு நின்றது. அங்கன்வாடியை ஊருக்குள் வைத்தால் நம் பிள்ளைகள் ஓரமாக உட்காருகின்றன. சேரியில் வைத்தால் அவர்கள் அனுப்புவதில்லை. ஆகவே காப்பகம் வேண்டும் என்பதோடு எங்கே வேண்டும், யார் ஊட்ட வேண்டும் என்பதையும் நாம்தான் கேட்க வேண்டும். ஊருக்கும் சேரிக்கும் பொதுவான இடத்தில், நம் பெண்களும் வேலைசெய்கிற காப்பகமாக இருக்க வேண்டும்.

அந்த வேலைக்குக் கூலியும் வேண்டும். தமிழ்நாட்டில் 54,000க்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அதை நடத்துகிற பெண்கள் வாங்குவதற்கு மத்திய அரசு வைத்த பெயர் சம்பளம் இல்லை, 'மதிப்பூதியம்'. இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்லவைப்பதற்கே 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம்வரை போகவேண்டி இருந்தது. பெற்றவளுக்கு உதவி, வளர்ப்பவளுக்கு மதிப்பு. இரண்டு பேருக்கும் கூலி என்கிற சொல் மட்டும் கிடைக்கவில்லை.

இதெல்லாம் நடக்காத கனவு என்று ஒதுக்கவும் முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில், வேலை உறுதித் திட்டத்தில் வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்காக 4,000 கிராம பஞ்சாயத்துகளில் காப்பகம் திறப்போம் என்று 2023 பட்ஜெட்டில் அறிவித்துத் தொடங்கினார்கள். 'கூசின மனெ' என்று பெயர். குழந்தையின் வீடு. 2005இன் வேலை உறுதிச் சட்டத்திலேயே, வேலை நடக்கிற இடத்தில் ஆறு வயசுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்து அவளுக்கும் கூலி தர வேண்டும் என்று எழுதியிருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்வது வேலைதான், அதற்குக் கூலி உண்டு என்று சர்க்காரே ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த ஒப்புதலை நாம் விட்டுவிடக் கூடாது.

*

கடைசியாக நம் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் பேச வேண்டும். பிள்ளைக்குக் கடன்பட்டவர்களின் பட்டியலில் அரசும் முதலாளியும் மட்டும் இல்லை. அம்பேத்கர் படத்துக்குக் கீழே உட்கார்ந்து விடுதலை பேசிவிட்டு வீட்டுக்குப் போகிற தோழர்கள், பிள்ளைக்குக் கால் கழுவிவிடுவது தங்கள் வேலை என்று நினைக்கிறார்களா? கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு வந்த ஆண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தவணைக் காசு பேங்கில் விழுந்த அன்றைக்கு டாஸ்மாக் வாசலில் கணக்குத் தீர்க்கிறவர்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். 'அதுங்களுக்குக் காசு குடுத்தா குடிச்சிடுவானுங்க' என்று மேல்சாதிக்காரன் சொல்லும்போது நமக்குக் கோபம் வருகிறது, வரவும் வேண்டும். ஆனால் பிள்ளை பெற்றவளின் காசைத் தொடுகிற ஆணைத் தெருவில் நிறுத்திக் கேட்கிற வேலையை நாம் செய்யாமல் யார் செய்வார்கள்?

கேட்க வேண்டியவை சிக்கலானவை இல்லை. 2013 சட்டம் சொன்ன 'ஒவ்வொரு' என்கிற சொல்லுக்கு அதன் அர்த்தம் திரும்ப வேண்டும். எத்தனையாவது பிள்ளை, என்ன வயசு என்று கேட்காமல், மஸ்டரில் பெயர் இல்லாதவளுக்கும் 26 வாரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி பொதுப் பணத்திலிருந்து வர வேண்டும். பெண்ணை வேலைக்கு வைக்கிறாரா இல்லையா என்று பாராமல் ஒவ்வொரு முதலாளியும் அதற்குப் பங்கு கட்ட வேண்டும். ஒவ்வொரு ஊராட்சியிலும் ஆறு மாசக் குழந்தையிலிருந்து சேர்த்துக்கொண்டு, டெம்போ கிளம்புகிற நேரத்தில் திறந்து, டெம்போ திரும்புகிறவரை மூடாத காப்பகம் வேண்டும்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடுகிற நாட்கள் எல்லோருக்கும் தெரியும். பாகலூர்ப் பக்கத்து ஊராட்சிகளில் அடுத்த கிராம சபைக்குப் பெண்கள் கைப்பிள்ளைகளோடு வர வேண்டும், கூடவே ஆண்களும் வர வேண்டும். காப்பகத்துக்கு இடம் ஊருக்கும் சேரிக்கும் நடுவில் எது என்று கைகாட்டித் தீர்மானம் எழுதவைக்க வேண்டும். தீர்மானத்தில் 'உதவி கோரி' என்று எழுத வருவார்கள். அந்த இடத்தில் எழுதுகிறவர் கையைப் பிடித்து நிறுத்தி, 'சேரவேண்டிய பாக்கி' என்று எழுதச் சொல்ல வேண்டும்.